சர்வே எண் 114/2-இல் ஓர் எரிமலை

தனக்குச் சொந்தமாக ஓர் எரிமலை இருக்கிறது என்ற சங்கதி பெரியண்ணனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் தெரிய வந்தது. தலையாரி சவரியப்பன் வண்டியை வரப்பிலேயே சாய்த்துவிட்டு வந்து, ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான்.

“என்னப்பா, ரேஷன் கார்டு விஷயமா?”

“இல்லண்ணே. ஒங்க எடத்துல எரிமல ஒண்ணு இருக்காம். அத நீங்க பத்திரமாப் பாத்துக்கணுமாம்.”

பெரியண்ணன் தன் இடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். குன்றாண்டார்கோவிலிலிருந்து கீரனூர் போகிற ரோட்டோரம், பாறையை ஒட்டிய ஒன்றரை ஏக்கர் புஞ்சை. அதில் ஒரு வேப்பமரம், ஒரு தண்ணீர் டிரம், ஒரு கரிமூட்டம், மனைவி பிரகதாம்பாள். எரிமலை என்று சொல்லும்படியாக எதுவும் கண்ணில் படவில்லை. பிரகதாம்பாள் மட்டும் சில நாட்களில் கொஞ்சம் கிட்டத்தில் வருவாள்.

கரிமூட்டம் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. சீமைக்கருவேல மரத்தை வெட்டி, கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, மேலே தழையைப் போட்டு மண்ணைப் பூசி மூடி, உள்ளே நெருப்பு வைப்பார்கள். அடியில் சுற்றிலும் ஓட்டைகள் இருக்கும். எட்டுப் பத்து நாள் அது பாட்டுக்குப் புகையும். புகை வெள்ளையாக வந்தால் கட்டை வேகிறது. நீலமாக மெலிந்தால் வெந்துவிட்டது. உடனே ஓட்டைகளை மண்ணால் அடைத்து மூச்சை நிறுத்திவிட வேண்டும். அடைத்தால் கரி, அடைக்கத் தவறினால் சாம்பல். பெரியண்ணனும் பிரகதாம்பாளும் முப்பத்தெட்டு நாள் முள் குத்த முள் குத்த வெட்டிச் சேர்த்த கட்டை அந்தக் கூம்புக்குள் இருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் கரியை அள்ளிவிட்டு அந்த நிலத்தில் கடலை போட வேண்டும். அந்த வருஷத்துக்கு அவர்களுடைய திட்டம் மொத்தமே அவ்வளவுதான்.

இது எரிமலையான கதை பின்வருமாறு.

புதுக்கோட்டையில் ‘மாவட்ட இயற்கைச் சீற்ற முன்னறிவு அலுவலகம்’ என்று ஒன்று இருந்தது. ஒன்பது அலுவலர்கள், ஒரு ஜீப், ஒரு காற்றுமானி. காற்றுமானியைக் காற்று கொண்டுபோய்விட்டது. துணை இயக்குநர் திருமுருகன் பத்து வருஷமாக அங்கே எதையாவது முன்னறியக் காத்திருந்தார். அப்போது மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வெப்பமண்டலக் கடலில் உள்ள ஓர் எரிமலைத் தீவுக்குப் பதினெட்டு நாள் கற்றல் பயணம். தகுதியுள்ள மாவட்டங்கள் விண்ணப்பிக்கலாம். தீவின் பெயரை அலுவலகத்தில் யாராலும் சேர்ந்தாற்போல் உச்சரிக்க முடியவில்லை. ஆகவே கோப்பில் அதற்கு ‘மேற்படி தீவு’ என்று பெயர் வைத்தார்கள். கூடவே வந்த படத்தில் தென்னை மரம், நீலக் கடல், தூரத்தில் புகையும் மலை, முன்னால் நாற்காலியில் சாய்ந்து இளநீர் குடிக்கும் ஒரு ஆள். அந்த நாற்காலியைப் பார்த்த நாளிலிருந்து திருமுருகனுக்கு ஆபீஸ் நாற்காலி உறுத்த ஆரம்பித்தது.

விண்ணப்பத்தில் பதினோராவது கேள்வி: ‘தங்கள் மாவட்டத்தில் உள்ள எரிமலைகளின் எண்ணிக்கை.’ அடியில் குறிப்பு: ‘ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் விண்ணப்பிக்கத் தேவையில்லை.’

ஒரு வாரம் அலுவலகமே சாப்பாடு இறங்காமல் கிடந்தது. எட்டாம் நாள் ஜீப்பில் குன்றாண்டார்கோவில் பக்கம் போன திருமுருகன், ரோட்டோரம் கூம்பாக ஒன்று புகைவதைக் கண்டார். இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கி நாலு போட்டோ எடுத்தார். அது கரிமூட்டம் என்று அவருக்குத் தெரியுமா என்பது இன்றுவரை விளங்காத விஷயம். இலுப்பூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், தெரியாமல் இருக்க நியாயமில்லை. ஆனால் பதவி உயர உயர, கண்ணால் பார்ப்பதைவிடக் கோப்பில் இருப்பதுதான் மனுஷனுக்கு நிஜமாகப் படும். பதினோராவது கேள்விக்கு அவர் ‘1 (புகையும் நிலையில்)’ என்று பதில் எழுதினார்.

சவரியப்பன் கொண்டுவந்த காகிதத்தில், ‘சர்வே எண் 114/2-இல் அமைந்துள்ள எரிமலையின் இயற்கையான புகைப்போக்கிற்குப் பட்டாதாரர் எவ்வித இடையூறும் செய்யலாகாது. வரும் திங்களன்று மேலிடக் குழு பார்வையிட உள்ளது’ என்று இருந்தது.

“திங்கக்கெழம வரைக்குமா? தம்பி, வெள்ளிக்கெழம ஓட்டைய அடைக்கணும்ப்பா. இல்லாட்டி எல்லாம் சாம்பலாப் போயிரும்.”

“எனக்கு என்னண்ணே தெரியும்? எரிமலைய அடைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. நீங்க ஆபீஸ்ல போயிப் பேசுங்க.”

வியாழக்கிழமை காலை புகையில் லேசாக நீலம் தட்டியது. பெரியண்ணன் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார். அலுவலகத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் நிற்கச் சொன்னார்கள், நின்றார். கதவு திறந்திருந்ததால் இரண்டு மணி நேரம் எல்லாம் காதில் விழுந்தது.

முதல் பொருள், விமானத்தில் ஜன்னலோரம் யார் உட்காருவது. பணிமூப்புப்படியா, வயதுப்படியா என்று முக்கால் மணி நேரம் விவாதித்து, போகும்போது பணிமூப்பு, வரும்போது வயது என்று முடிவானது. இரண்டாவது பொருள், நீச்சல் உடை. மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்க வேண்டும், முடிந்தால் கைத்தறியில் வாங்க வேண்டும் என்று கண்காணிப்பாளர் சொன்னார். கைத்தறி நனைந்தால் இறங்கிவிடும் என்று இன்னொருவர் ஆட்சேபம் தெரிவித்தார். ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது. மூன்றாவது பொருள், மேற்படி தீவில் தயிர் கிடைக்குமா. கிடைக்காது என்று வைத்துக்கொண்டு, பிளாஸ்க்கில் உறைமோர் கொண்டுபோவது என்றும், அதன் பாதுகாப்புக்கு ஒரு இளநிலை உதவியாளரைத் தனியாக நியமிப்பது என்றும் ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. எரிமலை பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

கூட்டம் முடிந்து திருமுருகன் வெளியே வந்தார். பெரியண்ணன் யார் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துபோனது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தார். அரசாங்க ஆபீஸில் பெரியண்ணன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“பெரியண்ணன், நீங்க ரொம்பக் கொடுத்து வச்சவரு. இந்த ஆபீஸ் ஆரம்பிச்சுப் பத்து வருஷமாச்சு. ஒரு நிலநடுக்கம் உண்டா? ஒரு சுனாமி உண்டா? வந்தது ஒரே ஒரு கஜா. அதுவும் எங்களுக்குச் சொல்லாமயே வந்துருச்சு. ஆபீஸ் கூரை பறந்ததுக்கு அப்பறம்தான் எங்களுக்கே புயல்னு தெரிஞ்சுது. பேப்பர்ல வந்தத வச்சுத்தான் முன்னறிவிப்பே தயார் பண்ணுனோம். எவ்வளவு கேவலம் பாருங்க! இப்ப கடவுளாப் பாத்து ஒங்க மூலமா ஒரு எரிமலையக் குடுத்திருக்காரு.”

“சார், அது எரிமல இல்லைங்க. கரிமூட்டம்ங்க. நாந்தான் போட்டேன். நாளைக்கு ஓட்டைய அடைக்கணும். அதுக்கு உத்தரவு வாங்கத்தான் வந்தேன்.”

திருமுருகன் நாற்காலியைக் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, குழந்தைக்குப் பாடம் சொல்கிற மாதிரி இதமாகப் பேசினார்.

“நீங்க போட்டதுன்னு சொல்றீங்க. நான் மறுக்கல. ஆனா கோப்பு மேலிடம் போயிருச்சு. அங்க அது எரிமலை. கரிமூட்டம்னு சொல்ல எனக்கு அதிகாரம் கெடையாது, எரிமலைன்னு சொல்லத்தான் அதிகாரம். அத அணைக்க உத்தரவு கேக்குறீங்க. எரிமலைய அணைக்கறதுக்கு நம்ம கிட்ட ஃபாரமே இல்லையே! நாங்க அந்தத் தீவுக்குப் போயி, எரிமலைய எப்படி அணைக்கறதுன்னு கத்துக்கிட்டு வந்து, அதுக்கு ஒரு ஃபாரம் அடிச்சு, அப்பறம் நீங்க விண்ணப்பிச்சா, ஒங்களுதத்தான் மொதல்ல பாப்போம். இது என்னோட வாக்கு.”

“அதுக்குள்ள வெந்து சாம்பலாயிருமே சார். முப்பத்தெட்டு நாளு ரெண்டு பேரு ஒழைச்சிருக்கோம்.”

“தியாகம் இல்லாம விஞ்ஞானம் இல்ல, பெரியண்ணன்” என்றார் திருமுருகன். சொல்லும்போதே கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் பேச்சுக்குத் தானே உருகுகிற வரம் எல்லா அதிகாரிக்கும் வாய்ப்பதில்லை.

பெரியண்ணன் வீடு திரும்பிப் பிரகதாம்பாளிடம் நடந்ததைச் சொன்னார். வெள்ளிக்கிழமை வெயில் ஏறும்போது, புகை முழுசாக நீலமானதும், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் முதல் ஓட்டையை அவளே அடைத்தாள்.

“அடியே, ஜெயில்ல போட்டுருவாங்கடி!”

“போடட்டும். அங்கயாச்சும் முள்ளு குத்தாது. நின்னுக்கிட்டே இருக்காம அங்கிட்டு உள்ள ஓட்டைய அடைங்க.”

மத்தியானத்துக்குள் புகை நின்றது. பெரியண்ணன் அன்றிலிருந்து ரோட்டில் ஜீப் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே திருமுருகன் தன் ஆட்களோடு வந்து இறங்கினார். எரிமலை வாயை மூடிக்கொண்டு கிடந்ததைப் பார்த்ததும் அவருக்குக் கண் இருட்டியது. குழு கீரனூர் வந்துவிட்டதாக போன் வந்தது. திட்டக்கூட நேரமில்லை. கண்காணிப்பாளர் ஜீப்பின் மாற்று டயரைக் கழற்றி மூட்டத்துக்குப் பின்னால் உருட்டித் தீ வைத்தார். இன்னொருவர் வேப்பந்தழை ஒடித்தார். திருமுருகன் தாமே குனிந்து வாயால் ஊதினார். பெரியண்ணன் அதுவரை ஒரு கெஜட்டட் அதிகாரி அடுப்பு ஊதிப் பார்த்ததில்லை. ஊதத் தெரியாமல் ஊதுகிறாரே என்று அவருக்கு மனசு கேட்காமல், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்லிக் கொடுத்தார். கரும்புகை திமுதிமுவென்று கிளம்பி ஊரை மூடியது.

அந்தப் புகைக்குள் வந்து நின்ற காரிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். குழுத் தலைவர் சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மையார். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு மூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்னால் எரிந்துகொண்டிருந்த டயரை நன்றாகவே பார்த்தார். பிறகு பெரியண்ணனைக் கூப்பிட்டார்.

“நீங்கதான் இந்த இடத்துக்காரரா? பயப்படாம சொல்லுங்க. இது என்ன?”

திருமுருகன் அம்மையாரின் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு கைகளையும் கூப்பினார். பெரியண்ணனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

“கரிமூட்டம்ங்கம்மா.”

அம்மையார் தன் உதவியாளர் பக்கம் திரும்பினார்.

“எழுதிக்குங்க. உள்ளூர்ப் பெயர்: கரிமூட்டம்.” பிறகு திருமுருகனிடம், “நல்லா பராமரிக்கிறீங்க. இது முக்கியமான எரிமலை. பயணத்துக்கு ஒன்பது பேர் போதாதே? தொழில்நுட்ப ஆலோசனைக்கு நாங்க மூணு பேரும் வரவேண்டி இருக்கும்” என்றார்.

ஒன்பது பேர் பன்னிரண்டு ஆனார்கள். இரண்டே நாளில் பயண அனுமதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் விமானம். கூடவே பெரியண்ணனுக்கும் சவரியப்பன் கையில் ஒரு நிலையாணை வந்தது. எரிமலைக்கு இதுவரை நிலையாணை கிடையாது என்பதால், வெள்ளத்துக்கு இருந்த பழைய நிலையாணையை எடுத்து, ‘வெள்ளம்’ என்று வந்த இடத்தில் எல்லாம் ‘எரிமலை’ என்று மாற்றியிருந்தார்கள். ‘எரிமலை கரை புரளும் காலங்களில் பொதுமக்கள் துணி துவைக்கக் கூடாது’ என்று ஒரு பிரிவே இருந்தது.

சவரியப்பன் எழுத்துக்கூட்டிப் படித்ததில் பெரியண்ணன் தலையில் இடி விழுந்தது ஐந்தாம் பிரிவில்தான். எரிமலைக்குள் இருக்கும் சகல பொருள்களும் கனிமம், அரசுக்குச் சொந்தம். அலுவலர்கள் பயணம் முடித்துத் திரும்பி, கற்றதை வைத்து ஆய்வு செய்து, அறிக்கை தரும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. காவலுக்குத் தலையாரி பகல் முழுவதும் இருந்து, மணிக்கொரு தரம் நிலவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

“சாம்பலாகாம நல்ல கரியா வந்திருக்கும்டி. தட்டுனா கணீர்னு சத்தம் கேக்கும். கண்ணால பாக்காமயே சொல்றேன்” என்று சொல்லிவிட்டுப் பெரியண்ணன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதார். ஐம்பத்தாறு வயசு ஆள் பட்டப்பகலில் அழுதார் என்று சொல்ல எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அழத்தான் செய்தார். மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது. பதினெட்டு நாள் பயணம், அப்புறம் அறிக்கை. அதற்குள் மழை இரண்டு தடவை ஊறப்போட்டுவிடும். கரியும் போய், கடலைப் பட்டமும் போய்விடும்.

சவரியப்பன் ஆவூர்க்காரன், யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். மூன்று நாள் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து, பிரகதாம்பாள் ஊற்றிய கஞ்சியைக் குடித்துவிட்டு, மணிக்கொரு தரம் ‘வெடிக்கவில்லை’ என்று எழுதினான். முப்பத்தொரு தரம் எழுதியபோது அவனுக்கே சலித்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தூறல் விழுந்தது. நனைந்த மண், ஞாயிற்றுக்கிழமை வெயிலில் காய்ந்தபோது மேல்பக்கம் பிளந்துகொண்டது. உள்ளே காற்றுப் போனது. ஆறிக்கொண்டிருந்த மூட்டத்தில் எங்கோ ஓரமாகக் கனன்ற கங்கு பற்றிக்கொண்டது. காலை பத்து மணிக்குப் படபடவென்று சத்தம். மண் கட்டிகள் தெறித்தன. ஆள் உயரத்துக்கு நெருப்பு எழும்பியது.

பெரியண்ணன் பதறி எழுந்து தண்ணீர் டிரம்மிடம் ஓடினார். இனி ஒரு மணி நேரம். அதற்குள் பிரித்துத் தண்ணீர் தெளித்துக் கரியை அள்ளாவிட்டால் மொத்தமும் போய்விடும். சவரியப்பன் குறுக்கே வந்து நின்றான். நிலையாணையைக் கையில் வைத்துக்கொண்டு அவனும் கிட்டத்தட்ட அழுதான்.

“அண்ணே, தொட்டா எனக்கு வேல போயிரும்ண்ணே!”

“தம்பி, கொஞ்சம் இங்கிட்டு வாங்க” என்றாள் பிரகதாம்பாள். “அந்தக் காயிதத்துல, இது வெடிச்சா என்ன செய்யணும்னு எதுவும் போட்டிருக்கா?”

சவரியப்பன் புரட்டினான். ஏழாம் பிரிவு. ‘எரிமலை உடைப்பெடுக்கும் பட்சத்தில் (அ) பட்டாதாரர் தமது உடைமைகள், கால்நடைகள், விறகு, கரி முதலியவற்றை உடனே மேடான இடத்துக்கு அப்புறப்படுத்த வேண்டும். (ஆ) இவ்வலுவலகத்தின் சகல அலுவலர்களும், ஆலோசகர்களும், விடுப்பிலோ பயணத்திலோ இருந்தாலும் அவற்றை ரத்து செய்து, எரிமலை வடியும்வரை சம்பவ இடத்திலேயே தங்க வேண்டும்.’

“நெருப்பு வந்துச்சுல்ல?”

“வந்துச்சுக்கா.”

“மண்ணு தெறிச்சுச்சுல்ல? சத்தம் கேட்டுச்சுல்ல?”

“ஆமாக்கா.”

“பெறகென்ன யோசன? உள்ளத எழுதுங்க.”

சவரியப்பன் பதிவேட்டைப் பிரித்து, சிலுவை போட்டுக்கொண்டு, பத்து மணிக்கான கட்டத்தில் ‘வெடித்தது’ என்று எழுதினான். பிறகு மேலிடத்தின் அவசர எண்ணுக்கு போன் போட்டு அதையே சொன்னான். அந்தப் பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவர்களிடமும் போட்டோவோடு கோப்பு இருந்தது.

திருச்சி விமான நிலையத்தில், பெட்டிகளை எடை போட்டு அனுப்பிவிட்டு, பன்னிரண்டு பேரும் குழுவாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது திருமுருகனுக்கு உத்தரவு வந்தது. அது கரிமூட்டம்தான் சார் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். கோப்பில் தான் போட்ட மூன்று கையெழுத்தும் ஒரு முத்திரையும் ஞாபகத்துக்கு வந்து மூடிக்கொண்டார். அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் வேறு பக்கம் பார்த்தார்.

மத்தியானம் ஒரு மணிக்கு மூன்று கார்கள் வந்து நின்றன. பூப்போட்ட சட்டையும் அரைக்கால் டிராயரும் கூலிங் கிளாசுமாகப் பன்னிரண்டு பேர் புஞ்சைக்குள் இறங்கினார்கள். இளநிலை உதவியாளர் உறைமோர் பிளாஸ்க்கை மார்போடு அணைத்திருந்தார். பெட்டிகள் மட்டும் மேற்படி தீவுக்குப் போய்விட்டன. வெயில் மண்டையைப் பிளந்தது. நிழலுக்கு இருந்த வேப்பமரத்தடியில் கரிச் சாக்குகள் அடுக்கப்பட்டிருந்தன, அதுதான் இருக்கிறதிலேயே மேடான இடம்.

பெரியண்ணனும் பிரகதாம்பாளும் முக்கால்வாசி மூட்டத்தைப் பிரித்து, தண்ணீர் தெளித்து, கரியை அள்ளி முடித்திருந்தார்கள். ஓரத்தில் கொஞ்சம் சாம்பலாகிவிட்டது. மிச்சமெல்லாம், தட்டினால் கணீரென்றது. சாயங்காலம் லாரி வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அலுவலர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் வரிசையாக நின்றார்கள். நிலையாணையில் தங்கச் சொல்லியிருந்ததே தவிர, தங்கி என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் திருமுருகன் மெல்ல நகர்ந்து வந்தார். முகமெல்லாம் கரி படிந்து நின்ற பெரியண்ணனிடம், யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

“பெரியண்ணன், இது எப்பங்க அடங்கும்?”

பெரியண்ணன் பிரித்துப்போட்ட மூட்டத்தைப் பார்த்தார். பொட்டுப் புகை இல்லை. ஈரச் சாம்பல்மேல் இரண்டு மைனாக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அவருக்கு இந்தத் தடவையும் பொய் சொல்ல வரவில்லை.

“அது நீங்க எழுதுறதப் பொறுத்துதானுங்களே சார்” என்று சொல்லிவிட்டு, அடுத்த சாக்கைப் பிரித்துப் பிடிக்கச் சொல்லி அவர் கையில் கொடுத்தார்.